மெதுவாக நடப்பவருக்கே முதல் உத்தரவு

2025 ஜனவரி 7 அன்று, மாலை 6 மணி தாண்டிய சற்று நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடகிழக்கே ஈட்டன் பள்ளத்தாக்கில் தீ மூண்டது. சான்டா அனா எனப்படும் வறண்ட காற்று மலையிலிருந்து புயல் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. விமானங்களும் ஹெலிகாப்டர்களும் பறந்து தண்ணீர் கொட்ட வழியில்லை. பள்ளத்தாக்கை ஒட்டியிருக்கும் அல்டடீனா என்ற ஊரை லேக் அவென்யூ என்ற சாலை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குப் பகுதிக்கு அன்று மாலையே வெளியேற்ற உத்தரவு போயிற்று. மேற்குப் பகுதிக்கு முதல் உத்தரவு போனது மறுநாள் அதிகாலை 3.25-க்கு. அதற்குப் பல மணி நேரம் முன்பே, நள்ளிரவு ஆவதற்குள், மேற்கே தீ தெரிகிறது என்று தகவல்கள் வந்திருந்தன. 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்த அந்தத் தீயில் 19 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் லேக் அவென்யூவுக்கு மேற்கே குடியிருந்தவர்கள், பெரும்பாலோர் வயதானவர்கள். வேறு இடங்களில் வங்கிகளும் வீட்டுத் தரகர்களும் கறுப்பின மக்களுக்குக் கதவடைத்த காலத்தில், அவர்கள் வீடு வாங்க முடிந்த சில இடங்களில் ஒன்று மேற்கு அல்டடீனா. அங்கே இரண்டு மூன்று தலைமுறையாக வேரூன்றிய குடும்பங்கள்தான் அந்த இரவில் உத்தரவுக்குக் காத்திருந்தன.

பின்னர் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம் ஒரு வெளி நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஆய்வு, இதற்குத் தனியொருவரைக் குற்றவாளியாகக் காட்டவில்லை. பழசாகிப்போன நடைமுறைகள், யாருக்கு எந்த அதிகாரம் என்ற தெளிவின்மை, ஆள் பற்றாக்குறை என்று அது காரணங்களை அடுக்கியது. மேற்குப் பகுதியையும் எச்சரிக்க வேண்டும் என்று களத்தில் இருந்த பணியாளர் ஒருவர் நள்ளிரவை ஒட்டிச் சொல்லியும், மேலே இருந்தவர்கள் அதன்படி உடனே செயல்படவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. எனக்கு இது ஆறுதலாகப் படவில்லை. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாமலேயே சாவு இப்படி ஒரு சாலையின் ஒரே பக்கத்தில் குவிய முடியும் என்றால், கோளாறு ஆட்களிடம் இருப்பதைவிட ஏற்பாட்டில் ஆழமாக இருக்கிறது என்றுதான் பொருள். இந்தக் கட்டுரை அந்த ஏற்பாட்டைப் பற்றியது. தீ வரும்போது யாரை, எந்த வரிசையில் வெளியேற்றுவது என்று எப்படி முடிவாகிறது? எப்படி முடிவாக வேண்டும்? இன்று பெரும்பாலும் தீ எங்கே இருக்கிறது என்பதை வைத்து வரிசை போடுகிறார்கள். ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பிப் பாதுகாப்பான இடம் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வைத்துத்தான் போட வேண்டும் என்பது என் வாதம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஐந்து மைல் தொலைவில் இருக்கும் தீ, கார் வைத்திருக்கும் இளைஞருக்கு அரை மைல் தொலைவில் இருக்கும் தீயைவிட நெருங்கியது.

கலிஃபோர்னியாவில் இந்த முடிவு பல கைகள் மாறி வருகிறது. தீயின் போக்கைக் கணித்துப் பரிந்துரைப்பது தீயணைப்புத் துறை. உத்தரவு பிறப்பித்து வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது ஷெரீஃப் துறை. அதைக் கைபேசிகளுக்குச் செய்தியாக அனுப்புவது பேரிடர் அலுவலகம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் நிமிடங்கள் கழிகின்றன. அறிவிப்பும் இரண்டு படிகளில் வருகிறது: முதலில் எச்சரிக்கை, பிறகு உத்தரவு. எச்சரிக்கை என்றால் தயாராக இருங்கள் என்று மட்டும் பொருளில்லை. கிளம்ப அதிக நேரம் தேவைப்படுகிறவர்கள், கால்நடையும் வளர்ப்பு விலங்குகளும் வைத்திருப்பவர்கள் இப்போதே புறப்பட வேண்டும் என்று அந்த எச்சரிக்கையின் வாசகமே சொல்கிறது. ஆக, முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய உத்தரவு உண்மையில் அந்த முதல் படிதான். இரண்டாம் படி மற்றவர்களுக்கானது. மேற்கு அல்டடீனாவுக்கு முதல் படி வரவே இல்லை. நேராக இரண்டாம் படிதான் வந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்த உத்தரவு என்று அதைச் சமத்துவமாகக் கணக்குக் காட்டலாம். ஆனால் மெதுவாக நகர்கிறவர்களுக்கு என்று ஒதுக்கிய நேரம் முழுவதையும் பிடுங்கிக்கொண்ட பிறகு வந்த சமத்துவம் அது.

இதற்கு எழும் முதல் மறுப்பு, சாலையைப் பற்றியது. எல்லோரையும் முன்கூட்டியே கிளம்பச் சொன்னால் சாலை அடைத்துக்கொள்ளும். தீக்கு அருகில் இருப்பவர்கள் அந்த நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள் என்கிறார்கள் அதிகாரிகள். இது வெறும் சாக்கு அல்ல. வட கலிஃபோர்னியாவின் மலைமேட்டில் இருக்கும் பாரடைஸ் என்ற ஊர் இதை அனுபவித்தே கற்றது. 2008-ல் வந்த தீயின்போது வாகன நெரிசலில் தவித்த அந்த ஊர், பிறகு தன்னை 14 மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டது. எந்த மண்டலம் எப்போது கிளம்ப வேண்டும் என்று வரைபடம் அச்சிட்டது, ஒத்திகையும் நடத்தியது. அமெரிக்காவின் சிற்றூர்களில் இவ்வளவு தயாராக இருந்தவை குறைவு. 2018 நவம்பர் 8 காலை, அருகே பழைய மின்கடத்திக் கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோன கொக்கி முறிந்து தீ பிடித்தது. காற்று கங்குகளை ஊருக்குள் வாரி இறைத்தது. தீ ஓர் எல்லைக்கோடு போல முன்னேறி வரும், அதற்கு முன்னால் மண்டலங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டே போகலாம் என்பது திட்டத்தின் அடிப்படை. தீயோ ஒரே நேரத்தில் ஊரின் பல இடங்களில் பற்றியது. சில மண்டலங்களுக்கு உத்தரவு போய்ச் சேர்வதற்குள் அங்கே வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. சிலவற்றுக்கு உத்தரவே போகவில்லை. தொலைபேசி எச்சரிக்கை, முன்பே பெயர் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும் போகும் ஏற்பாடு, பதியாதவர்கள் ஏராளம். ஊரை விட்டு இறங்கும் முக்கியச் சாலையான ஸ்கைவேயின் எல்லாத் தடங்களையும் கீழ்நோக்கிய ஒருவழியாக மாற்றியும் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்தன. 85 பேர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். பலர் கிடைத்தது சாலையில் அல்ல, தங்கள் வீட்டுக்குள்ளும் வீட்டு வாசலிலும்.

இந்தக் கடைசி விவரத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். மண்டல முறை தீர்க்க முனைந்தது சாலை நெரிசலை. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சாலை வரை வர வாய்த்ததே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு தூக்கும் கை, ஒரு வண்டி, ஒரு மணி நேர அவகாசம். மெதுவாக நகர்கிறவர்களை முதலில் அனுப்புவதால் நெரிசல் அதிகரிக்காது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. அவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. தீ இன்னும் தொலைவில் இருக்கும்போது, சாலை காலியாக இருக்கும்போது அவர்களைக் கிளப்பிவிட்டால், பிறகு கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் எதிர்த் திசையில் ஊருக்குள் போராடி ஏற வேண்டியிராது. சாலை நெரிசல் என்ற வாதம் என் முடிவுக்கு எதிரானது அல்ல; அதற்குத்தான் வலுச் சேர்க்கிறது. கனடாவின் ஃபோர்ட் மக்முர்ரே நகரம் 2016 மே மாதம் ஏறத்தாழ 88,000 பேரை, பெரும்பாலும் ஒரே ஒரு நெடுஞ்சாலை வழியாக வெளியேற்றியது. தீயில் யாரும் நேரடியாக இறக்கவில்லை. சாலை விபத்தில் இருவர் இறந்தார்கள். இளம் தொழிலாளர்கள் நிறைந்த, வாகனம் இல்லாத வீடு அரிதான எண்ணெய் நகரம் அது. ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த பாரடைஸுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

வெளியேற்றம் என்றால் எப்போதும் ஊரை விட்டே போவது என்ற எண்ணத்தையும் பாரடைஸ் மாற்றியது. சாலை அடைபட்டபோது தீயணைப்பு வீரர்கள் மக்களைக் கடைகளின் முன்னால் இருந்த தார் போட்ட வாகன நிறுத்தங்களுக்கும் திறந்த வெளிகளுக்கும் திருப்பிவிட்டார்கள். எரிய ஒன்றுமில்லாத அந்த இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பியதாகப் பின்னர் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. இத்தகைய தற்காலிகப் புகலிடங்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டவை. முன்பே குறித்து வைத்து, சக்கர நாற்காலி போகுமாறு அமைத்து, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லி வைத்திருந்தால் இன்னும் பலர் பிழைத்திருக்கலாம்.

அடுத்த மறுப்பு, மனிதரின் சுதந்திரத்தைப் பற்றியது. போவதா இருப்பதா என்பதை ஒருவர் தானே முடிவு செய்யட்டும். அரசு ஏன் வரிசை போட வேண்டும்? ஆஸ்திரேலியா இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது. 1983 பிப்ரவரியில் ‘சாம்பல் புதன்’ எனப்படும் தீயில் 75 பேர் இறந்தார்கள். தாமதமாகத் தப்பி ஓடுவதே ஆபத்து, நன்கு தயார் செய்த வீட்டில் இருந்து தீயை எதிர்ப்பது பல சமயம் மேல் என்ற பாடத்தை அந்த நாடு படித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்த கொள்கை: முன்கூட்டியே போய்விடு, அல்லது தயாராகி இருந்து வீட்டைக் காப்பாற்று. விக்டோரியா மாநிலத்தில், சொந்த வீட்டில் இருக்க விரும்புகிறவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றச் சட்டமே இடம் தரவில்லை. 2009 பிப்ரவரி 7 அன்று, ‘கறுப்புச் சனிக்கிழமை’ என்று இப்போது சொல்லப்படும் அந்த நாளில், 173 பேர் மாண்டார்கள். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தவர்கள். இறந்தோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் சிறுவர்கள், முதியவர்கள், நோயோ உடற்குறையோ உள்ளவர்கள்.

இந்தக் கொள்கையை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். திடமான உடல், பம்பு, தண்ணீர்த் தொட்டி, சுத்தம் செய்த முற்றம், பழக்கம் எல்லாம் இருந்தவர்கள் சாதாரணத் தீயில் வீட்டைக் காப்பாற்றியே வந்திருக்கிறார்கள். கொள்கை கற்பனை செய்த மனிதர் அவர்தான். ஆனால் பல வீடுகளில் அவரோடு ஒரு பாட்டியோ ஒரு குழந்தையோ இருந்தார்கள். அவர்கள் சார்பில் முடிவெடுத்தவர் குடும்பத்தலைவர். தெரிவுச் சுதந்திரம் என்று நாம் பேசும்போது, அந்த வீட்டில் யாருடைய தெரிவு அது என்று கேட்க மறந்துவிடுகிறோம். பின்னர் அமைந்த அரச ஆணையம் கொள்கையை முழுவதும் தூக்கி எறியவில்லை; மிகக் கடுமையான நாட்களில் இருந்து போராடுவது தகாது, முன்னதாகவே போய்விடுவது ஒன்றே பாதுகாப்பு என்ற பக்கம் அதைத் திருப்பியது. தீ அபாய அளவுகோலில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதிய படி சேர்ந்தது. வயது வந்த, திடமான ஒருவர் தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை நான் மறுக்கவில்லை. அந்த உரிமை, நகர முடியாத இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமையாக விரியக் கூடாது.

மூன்றாவது மறுப்பே அதிகாரிகளை உண்மையில் கட்டிப்போடுகிறது: தேவையின்றி எச்சரித்தால் மக்கள் பதறுவார்கள், அடுத்த முறை நம்ப மாட்டார்கள். 2017 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சோனோமா கவுண்டியில் டப்ஸ் தீ இரவில் பாய்ந்து வந்தபோது, எல்லாக் கைபேசிகளையும் அலறச் செய்யும் அவசரச் செய்தியை அதிகாரிகள் அனுப்பவில்லை. பரந்த பகுதிக்குப் போய்ச் சாலைகள் அடைபடும் என்று அஞ்சினார்கள். அந்தத் தீயில் 22 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனாவில் சைரன்கள் ஒலிக்கவே இல்லை. சைரனைக் கேட்டால் சுனாமி என்று நினைத்து மக்கள் மலைப்பக்கம், அதாவது தீயின் பக்கமே, ஓடியிருப்பார்கள் என்றார் அதற்குப் பொறுப்பான அதிகாரி. சில நாட்களில் பதவி விலகினார். அங்கே இறந்தவர்கள் 102 பேர். 2018 ஜூலையில் கிரேக்கத்தின் மாட்டி என்ற கடலோர ஊரில் வெளியேற்ற உத்தரவு வரவே இல்லை. 104 பேர் இறந்தார்கள். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 9 அன்று, ஒரு சிறு பகுதிக்குப் போக வேண்டிய வெளியேற்றச் செய்தி தவறுதலாக லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுவதற்கும், சுமார் ஒரு கோடி மக்களுக்கு, போய்ச் சேர்ந்தது. கோபமும் குழப்பமும் உண்டாயின. இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பாருங்கள். பொய் எச்சரிக்கையின் விலை ஓர் இரவின் தூக்கமும் கொஞ்சம் நம்பிக்கையும். வராத எச்சரிக்கையின் விலை என்ன என்பதை மேலே உள்ள எண்கள் சொல்கின்றன. நம்பிக்கை தேய்வது உண்மைதான். அதற்கு மருந்து, எச்சரிக்கை ஏன் விடுத்தோம், ஏன் பலிக்கவில்லை என்று மறுநாளே மக்களுக்கு விளக்குவது. வாயை மூடிக்கொண்டிருப்பது அதற்கு மருந்தாகாது.

இதுவரை பேசியது சொந்த வீட்டில் இருப்பவர்களைப் பற்றி. புறப்படும் முடிவே இன்னொருவர் கையில் இருப்பவர்களின் நிலை இதைவிடக் கொடியது. டப்ஸ் தீயின்போது சோனோமாவின் சாண்டா ரோசாவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணியில் விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்களே இருந்தார்கள். வாசலில் வண்டி நின்றது. சாவி எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஊழியர்கள் போன பிறகும் இருபதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் உள்ளே இருந்தார்கள். மின்சாரம் இல்லாத இருட்டில், பெற்றோரைத் தேடி வந்த பிள்ளைகளும் பின்னர் வந்த மீட்புப் பணியாளர்களும் அவர்களைச் சக்கர நாற்காலிகளில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதே சோனோமாவில் பிந்தைய தீக்களின்போது, குடியிருப்பவர்கள் வெளியேற்றப்பட்ட பகுதிக்குள் திராட்சை அறுவடைக்காகத் தொழிலாளர்களை அனுமதிச் சீட்டோடு உள்ளே விட்டார்கள். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், ஆங்கில எச்சரிக்கை புரியாதவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் காஸ்டாயிக் பக்கம் ஹியூஸ் தீ வந்தபோது, வெளியேற்றப் பகுதிக்குள் இருந்த சிறைவளாகத்தில் சில நூறு பேரை மட்டும் இடம் மாற்றிவிட்டு மற்றவர்களை அங்கேயே வைத்திருந்தார்கள். அந்தச் சிறையில் யாரும் இறக்கவில்லை. ஆனால் வெளியே நிற்பவருக்கு ஆபத்தான இடம், பூட்டிய கதவுக்குள் இருப்பவருக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானது என்ற கேள்விக்கு நிர்வாகம் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் கீற்றுக்கொட்டகை எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள்; அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். யாரைக் காப்பாற்றுவது என்ற முடிவு அந்தத் தீ மூள்வதற்கு வெகு நாள் முன்பே, சங்கிலி மாட்டப்பட்ட அன்றே எடுக்கப்பட்டுவிட்டது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் மூண்ட தீயின் புகை மாடிகளில் நிறைந்தது. இறந்த சுமார் 90 பேரில் ஏறத்தாழ எல்லோரும் படுக்கையில் இருந்த நோயாளிகள். பக்கத்துக் குடிசைப் பகுதியினர் புகையைப் பார்த்து ஓடி வந்தபோது காவலர்கள் முதலில் உள்ளே விடவில்லை. பிறகு அந்த மக்கள்தான் ஏறிப் போய்ப் பலரை மீட்டார்கள்.

இங்கே ஒரு கடினமான மறுப்பு இருக்கிறது, மருத்துவர்களே எழுப்புவது. படுக்கை நோயாளி ஒருவரை இறக்க நான்கு பேர் வேண்டும். அதே நேரத்தில் அந்த நால்வர், நடக்கக்கூடிய இருபது பேருக்கு வழிகாட்டி வெளியே கொண்டுவந்துவிடலாம். கூடுதல் உயிர்களைக் காப்பதுதானே அறம்? தீ கட்டடத்துக்குள் வந்துவிட்ட பிறகு இந்தக் கணக்கு சரி. அந்த நிமிடத்தில் கையில் இருக்கும் ஆட்களை வைத்து முடிந்தவரை பலரைக் காப்பாற்றும் செவிலியரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடம் வானத்திலிருந்து விழுவதில்லை. இரவுப் பணிக்கு எத்தனை பேர், அடித்தளத்தில் எரிபொருட்களைக் குவிக்கலாமா, எச்சரிக்கை முதல் படியிலேயே இந்தக் கட்டடத்தைக் காலி செய்வதா என்று பல மாதங்கள் முன்பே யாரோ எடுத்த முடிவுகள்தான் அந்த நிமிடத்தை அவ்வளவு இறுக்கமாக ஆக்குகின்றன. கடைசி நேரத்துக் கணக்கை அறமாக உயர்த்திக் காட்டினால், அதற்கு முந்தைய அலட்சியம் எல்லாம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. காட்டுத்தீயில் இது இன்னும் தெளிவு: அங்கே பெரும்பாலும் சில மணி நேரமாவது கிடைக்கிறது. அந்த மணி நேரத்தை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

அப்படியானால் யார் எங்கே இருக்கிறார், யாருக்கு உதவி வேண்டும் என்ற பட்டியல் வேண்டாமா என்று கேட்கலாம். பட்டியலுக்கு எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. தனியாக வாழும் முதியவரின் முகவரி திருடர் கைக்குப் போய்விடும் என்பது ஒரு பக்கம். பெயர் பதிந்துவிட்டோம், யாராவது வருவார்கள் என்று காத்திருந்தே செத்துப்போவார்கள் என்பது மறுபக்கம். இரண்டாவது அச்சத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வராத வண்டிக்கு வாக்குக் கொடுப்பது கொடுமை. ஆனால் கலிஃபோர்னியாவில் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது, வேறு வேலைகளுக்காக. வீட்டில் மருத்துவக் கருவி ஓடுகிறவர்களின் கணக்கை மின்நிறுவனம் வைத்திருக்கிறது. அரசு ஊதியத்தில் வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்கு யார் நடக்க மாட்டார்கள் என்று தெரியும். 2018-ல் கலிஃபோர்னியா, மின்சார, தண்ணீர் நிறுவனங்களிடம் இருக்கும் தொடர்பு விவரங்களைக் கொண்டு மக்களை எச்சரிக்கை அமைப்பில் தானாகச் சேர்க்கக் கவுண்டிகளுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே மாநிலத் தணிக்கை அதிகாரி, பாரடைஸ் இருக்கும் பியூட் உட்பட மூன்று கவுண்டிகளை ஆராய்ந்து, மாற்றுத்திறனாளிகளையும் முதியவர்களையும் ஆங்கிலம் தெரியாதவர்களையும் காப்பாற்ற அவை போதிய அளவு தயாராக இல்லை என்று எழுதினார். தகவல் இல்லாமல் இல்லை. அந்தத் தகவலுக்கு ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்துக் கட்ட ஆள் இல்லை.

எனவே நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. எச்சரிக்கை என்ற முதல் படியை எந்தச் சூழலிலும் தவிர்க்கக் கூடாது. காற்று கடுமையாக இருக்கும் நாளில், தீ மூளும் முன்பே, நகர முடியாதவர்களுக்கு அதை விடுக்க வேண்டும். களத்தில் நிற்கும் பணியாளர் ஒருவர் ஆபத்து என்று சொன்னால், மேலிருப்பவர் அதை மறுக்கத் தனியாகக் காரணம் எழுத வேண்டும். ஏற்கக் காரணம் தேவைப்படக் கூடாது. ஒவ்வொரு மண்டல வரைபடத்தோடும், அந்த மண்டலத்தில் வண்டி இல்லாத வீடுகள் எத்தனை, படுக்கையில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களுக்கு எந்தப் பேருந்து என்ற தாளும் இணைந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பலருடைய பெற்றோர் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ முதியோர் இல்லத்தில் இருக்கலாம். சிலருடைய தாயோ தந்தையோ இந்த வாரம் ஏதோ ஒரு மருத்துவமனையின் நான்காவது மாடியில் படுத்திருக்கலாம். அடுத்த முறை பார்க்கப் போகும்போது, அறை சுத்தமா, சாப்பாடு எப்படி என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள்? மின்தூக்கி நின்றுவிட்டால் இவரை யார் தூக்கி இறக்குவார்கள்? வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? பதில் சொல்லத் தடுமாறினால், அதை எழுதி வாங்கும் வரை விடாதீர்கள்.